ஏரிக்கரையில் பன்னிரண்டு கூடாரம்

மழைக்கும் மனிதருக்கும் நடுவில் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் கூடாரக்காரன் தொழில்; யார் கோபித்துக்கொண்டாலும் திட்டு விழுவது துணியைப் பிடித்தவனுக்கு. சீசனுக்கு மலை பார்க்க வருகிறவர்களுக்குப் பெட்டி தூக்கியவர்கள், வெந்நீர் வைத்தவர்கள், குதிரை பிடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தலையை ஆட்டுவார்கள். மற்றவர்கள் நம்பினால் போதும்.

அக்கரப்பத்தனைக்கு மேலே, தேயிலை முடிந்து காப்புக்காடு தொடங்குகிற இடத்தில் ஒரு ஏரி. தோட்டத்தில் அதை மேல் ஏரி என்போம். உலக யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் விற்றுவிட்டுப் போன கூடாரங்களில் பன்னிரண்டை, நுவரெலியாவில் கடை வைத்திருந்த செபமாலை முதலாளி வாங்கிப் போட்டிருந்தார். ஏப்ரலில் கொழும்பிலிருந்து வருகிறவர்களை ஏரிக்கரையில் தங்கவைக்க ஒரு சீசனுக்கு மட்டும் காட்டு அதிகாரிகளிடம் அனுமதி வாங்கினார். கூடவே ஒரு நிபந்தனை வந்தது. முகாமில் ஒரு குறைப் புத்தகம் இருக்க வேண்டும். அதில் மூன்று குறை ஏறினால் அனுமதி ரத்து.

நான் தோட்டத்தில் கான் வெட்டுகிற ஆள். மழைத்தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் ஓட, தேயிலைக்கு நடுவே வாய்க்கால் வெட்டுவது என் வேலை. முதலாளி கூப்பிட்டதும் போய்விட்டேன். தோட்டத்து ஆட்களின் பேர்ப் பதிவான செக்ரோலில் என் பேரை வெட்டிவிட்டார்கள். கங்காணி என் மனைவி லெட்சுமியிடம், மே மாதத்துக்குள் உன் புருஷன் வேலைக்குத் திரும்பாவிட்டால் வரிசை வீடான லயத்தில் இருக்கிற ஒற்றைக் காம்பராவைக் காலி பண்ணிவிடு என்று சொல்லிவிட்டார். முதலாளி சொன்னது வேறு. அனுமதி நீடித்தால் எனக்கு வருடம் முழுக்கக் காவல் வேலை, ஏரிக்கரையில் இரண்டு அறை வீடு. அந்த ஏப்ரல் முழுக்க மூன்று குறைக்கும் இரண்டு அறைக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எப்போதும் ஓடியதில்லை.

முதல் வரிசை

கூடாரம் எப்படி அடிப்பது என்று முதலாளி காட்டினார். எங்கே அடிப்பது என்று சொல்ல மறந்துவிட்டார். நான் கயிறு பிடித்து, பன்னிரண்டையும் ஒரே வரிசையில், சம இடைவெளியில், ஒரே பக்கம் வாசல் வைத்து அடித்தேன். சுண்ணாம்பில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை நம்பர் போட்டேன். ஏரியிலிருந்து குளிர்காற்று அடிக்கிறதே, அதனால் எல்லா வாசலும் ஏரிக்கு முதுகு காட்டி, மலைச்சரிவைப் பார்த்து இருந்தன. தூர நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

முதலில் வந்தவர் வட்டவளைப் பக்கத்துத் தோட்டத்துத் துரை. வெள்ளைக்காரர், இருபது வருடமாகத் தோட்டத்தில் இருந்தவர். குடும்பத்தோடு காரிலிருந்து இறங்கியவர் வரிசையைப் பார்த்ததும் அப்படியே நின்றார். நம்பர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் எட்டி, ஏரி எங்கே என்று தேடினார். கோபிக்கவில்லை. என் பெயரைக் கேட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில் சொன்னார்:

"ராமையா, நான் லீவு. லயம் பாக்கிறது திங்கக்கிழமை."

விடிகாலைத் தப்பு

பன்னிரண்டையும் பிடுங்கி, ஏரியைப் பார்த்து, ஒன்றுக்கொன்று முகம் திருப்பிக்கொண்ட மாதிரி மறுபடி அடித்தேன். இரண்டு நாளில் கூடாரங்கள் நிறைந்தன. முதலாளி வந்து, விருந்தாளிகள் ஏரியில் சூரியன் எழும்புவதைப் பார்க்க வேண்டும், ஐந்தரைக்கெல்லாம் எல்லோரையும் எழுப்பிவிடு என்று சொல்லிப் போனார். பன்னிரண்டு கூடாரத்தை ஒரே நேரத்தில் எப்படி எழுப்புவது? தோட்டத்தில் முந்நூறு பேரை எழுப்பிப் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, வரவைப்பது தப்பு என்கிற ஒரே ஒரு பறைதான். லயத்துக்குப் போய் அதை இரவல் வாங்கி வந்தேன். கணப்பில் காய்ச்சி, ஏரிக்கரையில் நின்று, கை வலிக்க அடித்தேன். தண்ணீருக்கு மேல் சத்தம் போய் எதிர்மலையில் முட்டித் திரும்பியது. எங்கள் தோட்டத்தில்கூட அப்படிக் கேட்டதில்லை.

துரை பைஜாமாவும் தொப்பியுமாக வெளியே பாய்ந்து, "எத்தனை ஆள்? எத்தனை ஆள்?" என்று கத்தினார். கண் இன்னும் திறக்கவில்லை. துரைசாணி அவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அது சிரிப்போடு போயிற்று. பக்கத்துக் கூடாரத்தில் கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் இருந்தார். அவர் ஊரில் விடிகாலையில் பறை கேட்டால் செத்த வீடு. அவர் பெட்டியைக் கட்டி, மனைவியையும் எழுப்பி, குளிரில் நடுங்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். குறைப் புத்தகத்தில் முதல் குறை எழுதியவர் அவர்தான். எழுதுவதற்கு முன்னால் மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, செத்தது ஆர்? பிரேதம் எடுக்க முதல் நாங்கள் வெளிக்கிட்டிடுவம்."

குறையாத சூப்

எங்கள் சமையல்காரர் அந்தோணி முப்பது வருடம் துரை பங்களாவில் அப்புவாக இருந்து சமைத்தவர். காட்டில் மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்தாலும் அவருக்கு முதலில் சூப், பிறகு மீன், பிறகு இறைச்சி, கடைசியில் புடிங். ஏரிக்கரையில் மேசை போட்டு வெள்ளைத் துணி விரிக்காமல் பரிமாறமாட்டார். ஒரு மத்தியானம் சூப் வைத்த அதே நேரத்தில் தூறல் பிடித்தது. உள்ளே போகலாம் என்று நான் சொன்னேன். சூப்பை நடுவில் தூக்கும் பழக்கம் தனக்கில்லை என்று அந்தோணி விறைப்பாக நின்றார். கொழும்பு டாக்டர் ஒருவர் தலையில் பத்திரிகையைக் கவிழ்த்துக்கொண்டு கால்மணி நேரம் பொறுமையாகக் குடித்தார். பிறகு கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்:

"அப்பு, நான் குடிக்கக் குடிக்க இது கூடிக்கொண்டே போகுதே."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலிருந்து லெட்சுமியும் பக்கத்துக் காம்பராக்காரர்கள் பத்துப் பேரும் ஏரிக்கு நடந்து வந்தார்கள். கார் வைத்திருக்கிறவர்கள் துணிக்குள் படுக்கிறார்கள் என்று நான் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. வந்தவர்கள் விருந்தாளிகளைத் தொந்தரவு செய்யவில்லை. தள்ளி நின்று, கைகட்டி, நன்றாகப் பார்த்தார்கள். ஒரு அம்மா ஈர விறகை ஊதிக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் ஏரியில் வாளியால் தண்ணீர் மொண்டு சுமந்து வந்தார். இதையெல்லாம் செய்யவா இவர்கள் நூறு மைல் வந்தார்கள் என்று எங்கள் ஆட்களுக்கு விளங்கவில்லை. வேலையிலிருந்து நிறுத்தும்போது தோட்டத்தில் கொடுக்கிற காகிதத்துக்குப் பத்துச்சீட்டு என்று பெயர். அதை வாங்கியவன் சட்டிபானையோடு வெளியே படுப்பான். பக்கத்துக் காம்பராக் கருப்பையா என் காதருகே வந்து, நிஜமான இரக்கத்தோடு கேட்டான்:

"பாவம்டா, எந்தத் தோட்டத்துல பத்துச்சீட்டு குடுத்தாங்க இவங்களுக்கு?"

அட்டை

அன்றைக்கே, ஏரியைச் சுற்றிப் பார்க்கப் போன டாக்டரின் மனைவி அலறிக்கொண்டு ஓடி வந்தார். இரண்டு காலிலும் அட்டை. டாக்டர் பெட்டியைத் திறந்து மருந்து தேடினார். லெட்சுமி அவரை விலக்கிவிட்டு, உட்கார்ந்து, அந்த அம்மாவின் காலைத் தன் மடியில் வைத்து, சவர்க்காரக் கட்டியை நனைத்துக் குழைத்துத் தடவினாள். ஒவ்வொன்றாக விழுந்தது. அலறல் நின்று, அந்த அம்மா லெட்சுமியின் கணுக்காலைப் பார்த்தார். அதில் பழைய கடி, புதுக் கடி, எண்ணிக்கை இல்லை. "தினமும் இதுலயா நிக்கிறீங்க? எப்படிப் பொறுக்கிறீங்க?" என்று கேட்டார். லெட்சுமி சவர்க்காரத்தைக் காகிதத்தில் மடித்து அவர் கையில் கொடுத்தாள்:

"அதுக்கும் ரத்தம் வேணும்ல அம்மா. எல்லாத்தையும் கங்காணிக்கே குடுத்தா எப்படி?"

இரண்டாவது குறை

ஏப்ரல் பாதியில் மத்தியான மழை தொடங்கியது. கையை எப்படிச் சும்மா வைத்திருப்பது? கூடாரங்களைச் சுற்றி முழ அகலத்தில் கான் வெட்டி, எல்லாவற்றையும் ஒரு பெரிய கானில் சேர்த்து ஏரியில் விட்டேன். ஒரு நாளும் ஒரு பாய்கூட நனையவில்லை. ஆனால் காட்டுக் காவலர் பியசேன வந்தார். காப்புக்காட்டில் ஒரு பிடி மண்ணை வெட்டினாலும் குற்றம் என்றார். எல்லாவற்றையும் மூடச் சொன்னார். குறைப் புத்தகத்தை வாங்கி இரண்டாவது குறையாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். கெட்டவர் இல்லை, தினமும் எங்களிடம் தேநீர் குடிக்கிறவர். போகும்போது என் மண்வெட்டியைக் காட்டி, தம்பி என்பதைச் சிங்களத்தில் மல்லி என்று கூப்பிட்டுச் சொன்னார்:

"மல்லி, இது காடு. ஒங்க தேயிலை மலை இல்ல."

மூன்றாவது குறை

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? நான் கான்களை மண் போட்டு மூடவில்லை. புல் வெட்டி, உள்ளே திணித்து, மேலே பரப்பினேன். பியசேன பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

கடைசி வாரத்தில் காட்டு அதிகாரியே வந்துவிட்டார், மனைவியோடும் கைக்குழந்தையோடும். அனுமதியை நீட்டுவதா வேண்டாமா என்று முடிவு சொல்லப்போகிறவர் அவர். கட்டிலிலிருந்து கையை நீட்டினால் தண்ணீரைத் தொட வேண்டும் என்று, கரையில் ஒரு பள்ளத்தைக் காட்டினார். "ஐயா, மேல இருந்து தண்ணி இந்த வழியாத்தான் எறங்கும்" என்றேன். வானம் நீலமாக இருக்கிறது என்றார். காலியாக இருந்த பன்னிரண்டாவதைப் பிடுங்கி அங்கேயே அடித்தேன். பியசேன பக்கத்திலேயே நின்றதால் கான் வெட்ட முடியவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு மலை மறைந்தது. அப்படி ஒரு மழையை நான் தோட்டத்திலும் கண்டதில்லை. சரிவு முழுக்கச் செந்தண்ணீர் இறங்கி வந்தது. கான்களைத் திறந்தால் அதிகாரி பார்ப்பார். மூன்றாவது குறை ஏறும், காம்பராவும் போகும், வீடும் போகும். திறக்காவிட்டால் பதினொரு கூடாரம் போகும். இதை நின்று யோசித்ததாகச் சொன்னால் பொய். புல்லை இரண்டு கையாலும் அள்ளி எறிந்துகொண்டு ஓடினேன். யாரும் சாகவில்லை என்று தெரிந்து தங்கிவிட்ட யாழ்ப்பாணத்து ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபக்கத்திலிருந்து அள்ளினார். அந்தோணி சூப் கரண்டியால் அள்ளினார். கான்கள் வாய் திறந்தன. தண்ணீர் நான் சொன்ன வழியில் திரும்பி, பதினொரு கூடாரத்தையும் சுற்றிக்கொண்டு ஓடியது. எல்லோரும் கூச்சல் போட்டார்கள், நானும் போட்டேன்.

அப்போதுதான் பள்ளத்தில் இருந்த கூடாரம் நினைவுக்கு வந்தது. பியசேனவும் நானும் ஒரே நேரத்தில் பாய்ந்தோம். உள்ளே முழங்கால் தண்ணீர். அதிகாரி பெட்டியைத் தூக்குவதா மனைவியைத் தூக்குவதா என்று சுற்றிக்கொண்டிருந்தார். பியசேன அந்த அம்மாவைப் பிடித்தார். குழந்தையை நான் தோளில் போட்டேன். அது அழவில்லை, என் காதைப் பிடித்து இழுத்தது. நாங்கள் ஏறி வந்து திரும்பிப் பார்க்கும்போது காற்று கூடாரத்துக்குள் புகுந்து, முளைகளைப் பிடுங்கி, அதைத் தண்ணீரில் உட்காரவைத்தது. வாத்து மாதிரி மெல்ல ஏரி நடுவுக்குப் போயிற்று.

மறுநாள் காலை வெயில் அடித்தது. அதிகாரி டாக்டருடைய உலர்ந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, கான்களைச் சுற்றிச்சுற்றி நடந்தார். குறைப் புத்தகத்தைக் கேட்டார். சிங்களத்தில்தான் பேச்சு.

"இதையெல்லாம் வெட்டியது யார்?"

"நான்தாங்க."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கலைங்க."

பேனாவைத் திறந்தார். கங்காணியிடம் போய் என்ன சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

"பதினொரு கூடாரத்துக்குக் கான் இருக்கிறது. என்னுடையதற்கு மட்டும் ஏன் இல்லை? அதுதான் என் குறை."

நான் பக்கத்தைப் புரட்டி, பியசேன எழுதியிருந்ததைக் காட்டினேன். அதிகாரி படித்தார். இன்னொரு முறை படித்தார். பியசேன ஏரியைப் பார்த்துக்கொண்டு அட்டென்ஷனில் நின்றார். அதிகாரி அந்தக் குறையின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டுக் கையெழுத்து வைத்தார். தன் குறையை எழுதாமலே பேனாவை மூடினார். மேட்டில் ஓர் இடத்தைக் காட்டி, அங்கே மறுபடி கூடாரம் அடிக்கச் சொன்னார். பிறகு திரும்பினார்:

"பியசேன, ராமையாவிடம் மண்வெட்டியை வாங்கு. இதற்குக் கான் நீ வெட்டு."

மே மாதம்

அனுமதி நீண்டது. முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. நானும் லெட்சுமியும் சட்டிபானையைக் கட்டிக்கொண்டிருந்தபோது, கங்காணி வாசலில் வந்து நின்று, அவசரப்பட வேண்டாம், செக்ரோலில் மறுபடி பேர் போட்டுக்கொள்ளலாம் என்று இறங்கிப் பேசினார். லெட்சுமி மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டாள்:

"காலி பண்ணச் சொன்னீங்க, பண்ணியாச்சு. சீசனுக்கு வாங்க கங்காணி, ஒங்களுக்கும் ஒரு கூடாரம் போட்டுத்தரச் சொல்றேன்."

நல்ல வீடு இருக்கிற சிலர் கொஞ்ச நாள் வீடில்லாமல் இருந்து பார்க்க ஆசைப்பட்டதால், எங்களுக்கு ஒரு வீடு கிடைத்தது.