இடப்பக்கம் திரும்பினால் கத்தும் கார்

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோயாளி இருப்பார். எங்கள் வீட்டு நோயாளிக்கு நாலு சக்கரம்.

வாப்பா சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் முதலில் முகம் பார்ப்பது எங்களை அல்ல, அதைத்தான். பொனட்டைத் திறந்து, தண்ணீர் ஊற்றி, ஒயில் அளக்கும் கம்பியை இழுத்துத் துடைத்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி கேட்பார். உம்மா கோப்பையை வைக்கிற சத்தத்திலேயே அவருடைய மனம் தெரியும். “எனக்கு ஒரு சக்களத்தி வந்திருந்தாலும் ரெண்டு சட்டியாவது கழுவித் தந்திருப்பா” என்பார். வாப்பா அதற்குச் சிரிப்பாரே தவிர, பொனட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்கமாட்டார்.

காரை வாங்கியது அப்பா. வாப்பாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்றுதான் சொல்வோம். எத்தாளையில் விளைகிற வெங்காயத்தையும் மிளகாயையும் வாங்கி விற்றவர் அவர். வாங்கும்போதே அது இன்னொருவரிடம் ஓடித் தேய்ந்து வந்த கார்தான். அதன் மீட்டர் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பூச்சியத்துக்கு வந்து, மறுபடி ஓடத் தொடங்கி, பிறகொரு நாள் மனம் வெறுத்து நின்றுவிட்டதாம். கடற்காற்று சும்மா இருக்குமா? கதவுகளின் அடிப்பக்கமெல்லாம் இரும்பு கறள் பிடித்து உதிரும். முன்னிருக்கைக்குக் கீழே ஓர் ஓட்டை விழுந்து, காலடியில் றோட்டு ஓடுவது எனக்குத் தெரியும். உம்மாவின் பக்கத்துக் கதவை வெளியிலிருந்துதான் திறக்கலாம். கல்யாண வீடுகளுக்குப் போனால், யாராவது வந்து திறந்துவிடும் வரை உம்மா மகாராணி மாதிரி உள்ளேயே உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் அவர் வாயிலிருந்து வருகிற வார்த்தைகள்தான் மகாராணியுடையவை அல்ல.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஹோன். ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுதாக வளைத்தால் யாரும் தொடாமலே கத்தும். அது அப்பாவின் காலத்திலேயே வந்த வருத்தம். நுரைச்சோலையில் கார் வேலை செய்கிற பாஸ் திருத்தித் தருகிறேன் என்றபோது அப்பாதான் தடுத்துவிட்டாராம். எங்கள் வீட்டு வளவுக்குள் இடப்பக்கமாகத்தானே திரும்பவேண்டும்? சத்தம் கேட்டு வீட்டிலிருக்கிறவன் ஓடிவந்து கேற்றைத் திறப்பான், கிடக்கட்டும் என்றாராம். அந்த நாட்களில் ஓடிவந்து திறந்தவர் வாப்பாவின் தம்பி, என் சாச்சா.

சாச்சா பிறகு கட்டாருக்கு லொறி ஓட்டப் போனார். அவரை எயார்போட்டுக்கு இதே காரில் கொண்டுபோய் விட்டது அப்பாதான். அடுத்த நோன்பில் அப்பா மௌத்தானார். விடியப்புறம் போன உயிர், அஸர் தொழுகைக்கு முன்னே அடக்கம். குளிப்பாட்டியதும் சந்தூக்குப் பெட்டியைத் தோளில் சுமந்ததும் கபுறுக் குழிக்குள் இறங்கி வாங்கி வைத்ததும் வாப்பா. சாச்சா கட்டாரிலிருந்து போனில் அழுதாராம். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். ஓதப் பழகிய ஸூரா மாதிரி, பிழையில்லாமல் சொல்வேன், அர்த்தம்தான் தெரியாது.

வருஷங்கள் கழித்துச் சாச்சா ஊரோடு வந்து சேர்ந்தார், வந்து புதுக்கார் வாங்கினார்.

பொறாமை என்றால் அப்படி ஒரு பொறாமை. சாச்சாவின் மகளுக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு, ஒரே மதறஸா. அதுவரை இரண்டு பேரும் ஒரே மாங்காயைக் கடித்துத் தின்றவர்கள். அந்தக் கார் வந்த கிழமையே அவளுடைய நடை மாறிவிட்டது, அல்லது மாறிவிட்டதாக நான் முடிவு செய்தேன். இருக்கைகளில் பொலித்தீன் உறை இன்னும் கழற்றப்படவில்லை. கண்ணாடி, பொத்தானை அமத்த ஏறும், அமத்த இறங்கும். முதல் நாள் என்னை ஏற்றும்போது அவள் சொன்னாள், “செருப்பக் கழட்டிட்டு ஏறு.” பள்ளிவாசலுக்குள் போகிற மாதிரி நானும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன். வீடு வந்து சேரும் வரை வயிறு எரிந்தது. அந்தச் செருப்பு வேறு பழசு.

சாச்சா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு வேலை செய்வார். நேரே உள்ளே வராமல் எங்கள் காரை ஒரு சுற்றுச் சுற்றுவார். கூரையில் கை வைப்பார். குனிந்து ஓட்டுநர் இருக்கையைப் பார்ப்பார். “இன்னம் ஓடுதா, நானா?” என்று அண்ணனைக் கேட்பார். “ஓடுது, ஓடுது” என்பார் வாப்பா. எனக்கு அது இளக்காரமாகவே கேட்டது. கறளை எண்ணிப் பார்க்கிறார், பார்த்துவிட்டுப் போய்ச் சாச்சியிடம் சொல்லிச் சிரிப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆகவே வாப்பாவை அரிக்கத் தொடங்கினேன். இதை விற்றுவிடுவோம். சோற்றுக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. உம்மா வாய் திறக்கவில்லை, ஆனால் நான் அரிக்கிற நாட்களில் எனக்குப் பொரித்த மீனில் பெரிய துண்டு விழுந்தது. கடைசியில் நுரைச்சோலை பாஸும் எங்கள் கட்சிக்கு வந்துவிட்டார். அவர் சிங்கள மனிதர், தமிழை அளந்துதான் பேசுவார். ஒருநாள் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, “மாத்தியா, இது வயசாளி. கால் சரிபண்ணினா முதுகு நோவு எண்டு செல்லுது” என்றார்.

வாப்பா அன்று தேத்தண்ணியைக் குடிக்காமலே வைத்துவிட்டார். இரண்டு நாள் யோசித்தார். பழைய கார்களை முழுசாகவும் வாங்குகிற, கழற்றிச் சாமானாக விற்கவும் வாங்குகிற ஒருவர் மதுரங்குளியில் இருந்தார். சனிக்கிழமை கொண்டுபோய்க் காட்டுவதாகப் பேச்சு. அதன் கடைசிப் பயணத்தைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் என்று நானும் ஏறிக்கொண்டேன்.

கல்பிட்டி றோட்டு முழுக்க நல்ல பிள்ளையாக ஓடியது. பாலாவிச் சந்தியில் வலப்பக்கம் திரும்பி, உப்பளம் தாண்டிக் கொஞ்சத் தூரம் போயிருப்போம். பொனட்டிலிருந்து வெள்ளைப் புகை வந்தது, ஒரு விக்கல் எடுத்தது, நின்றுவிட்டது. வாப்பா இறங்கிப் பார்த்தார். நான்தான் பதறிப்போனேன். செத்த காரை மதுரங்குளிக்காரர் வாங்குவாரா? வாங்காவிட்டால் இதை மறுபடி வீட்டுக்கல்லவா கொண்டுபோக வேண்டும்? அல்லாஹ்வே, இன்னும் கொஞ்சத் தூரம் ஓடவிட்டிருக்கக் கூடாதா என்று மனதுக்குள் சண்டை பிடித்தேன்.

வாப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உப்புக் குவியல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். தம்பியைக் கூப்பிட அவருக்கு மனமில்லை என்பது எனக்கே தெரிந்தது. பிறகு வேறு வழியில்லாமல் கூப்பிட்டார்.

புதுக்கார் வந்து எங்களைத் தாண்டி, முன்னால் நின்றது. முன்னிருக்கையில் சாச்சாவின் மகள். கண்ணாடி மெதுவாக இறங்கியது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் உப்பைப் பார்த்தேன்.

சாச்சா தோணிக்காரர் ஒருவரிடம் வாங்கிய நங்கூரக் கயிற்றைக் கொண்டுவந்திருந்தார். இரண்டு கார்களையும் இணைத்து முடிச்சுப் போட்டார். “மதுரங்குளி கிட்டத்தானே, இழுத்துக்கொண்டு போய் அங்கயே விட்டுருவம்” என்றார் வாப்பா. “யானை செத்தாலும் ஆயிரம் பொன்னாம். சாமானாக எடுக்கட்டும்.”

சாச்சா எங்கள் காரின் கதவைத் திறந்தார். “நீங்க புதுசில ஏறுங்க நானா. பின்னுக்கு நான் இருக்கிறன். கயிறு தொய்யாமப் பிரேக் பிடிக்கணும், அது கஷ்டம்” என்றார். அவர் சொன்னது நியாயம்தான். இழுபடுகிற வண்டியில் இருப்பவனுக்குத்தான் வேலை அதிகம். சாச்சா கட்டாரில் எத்தனையோ லொறிகளை இழுத்தவர். நான் அதற்குள் புதுக்காரின் பின்கதவைத் திறந்துவிட்டிருந்தேன். செருப்போடு ஏறினேன். அவள் என் காலைப் பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள்.

வாப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக் காத்திருந்தார். பின்னாலிருந்து கை காட்டினால்தான் புறப்படலாம். சாச்சா கை காட்டவில்லை. எங்கள் காருக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே இருந்தார். அப்பா வலைநூலால் சுற்றித் தைத்த உறை அந்த ஸ்டியரிங்கில் இருந்தது. அழுக்கேறிக் கறுத்துப்போன உறை. வாப்பா கண்ணாடியில் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். நானும் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினேன்.

“என்ன, பிரேக் பிடிக்குதில்லயா?”

“பிடிக்குது.”

“அப்ப கை காட்டு.”

“நானா, திருப்புங்க. ஊட்டுக்குப் போவம்.”

“ஊட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்ய?”

“செய்வம். இஞ்சினத் திறந்து செய்வம். நான் பாஸோட நிக்கிறன். விக்க வேணாம் நானா.”

வாப்பா காரின் கூரையில் கை வைத்துக்கொண்டு நின்றார். “உனக்குப் பைத்தியமா? புதுசு வச்சுக்கொண்டு” என்று தொடங்கியவர், தம்பியின் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கிவிட்டார். பிறகு குனிந்து தானே முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

எனக்குத் தலைக்கேறியது. புதுக்கார்காரருக்கு இதில் என்ன வந்தது? நாங்களும் ஒரு நல்ல காரில் ஏறிவிடக் கூடாது, அதுதானே! நாங்கள் காலமெல்லாம் ஓட்டைக்குள்ளால் றோட்டைப் பார்த்துக்கொண்டு போகவேண்டும், இவர்கள் கண்ணாடியை ஏற்றி இறக்கவேண்டும். உப்பளத்தில் வேலை முடிந்து போனவர்கள் நாலு பேர் வந்து கை கொடுத்து, செத்த காரைத் தள்ளி வடக்குப் பக்கம் திருப்பினார்கள். கயிற்றை மறுபடி கட்டினார்கள். மதுரங்குளி எனக்குப் பின்னால் போய்விட்டது.

வாப்பா புதுக்காரைக் கண்ணாடிப் பாத்திரம் சுமப்பவர் போல ஓட்டினார். குளிர்காற்று முகத்தில் அடித்தது, பொலித்தீன் சரசரத்தது. நான் கனவு கண்ட பயணம்தான், ஒரு துளி ருசிக்கவில்லை. சாச்சாவின் மகள் முன்னிருந்து திரும்பி, “எங்கட வாப்பா எப்பவும் உங்கட காரப் பத்தித்தான் கதைக்கிற” என்றாள். கதைக்கத்தானே செய்வார், கதைத்துச் சிரிக்கத்தானே செய்வார் என்று நினைத்தேன். “எங்கட கார் எங்கட கார்தான்” என்று மட்டும் சொன்னேன். எனக்கே வியப்பாக இருந்தது.

பின்கண்ணாடி வழியாகப் பார்த்தால் சாச்சாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பாட்டுப் படிக்கிறாராக்கும். பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பியபோது, இஞ்சின் செத்த கார் வாய் திறந்து கத்தியது. சந்தியில் நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் இருக்கையில் படுத்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் கயிற்றை அவிழ்த்தார்கள். வாப்பா போய்க் கேற்றைத் திறந்து பிடித்துக்கொண்டார். ஒழுங்கையில் நின்றவர்கள் பின்னாலிருந்து தள்ள, சாச்சா ஸ்டியரிங்கை இடப்பக்கம் வளைத்தார். ஹோன் கத்தியது. கார் வளவுக்குள் வந்து நின்றது. ஸ்டியரிங்கை நேராக்கினால் சத்தம் நின்றுவிடும், பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். சாச்சா நேராக்கவில்லை. வளைத்த கை வளைத்தபடியே இருந்தது. ஹோன் கத்திக்கொண்டே இருந்தது. அக்கம்பக்கத்து வேலிகளுக்கு மேலே தலைகள் முளைத்தன. உம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார், தொலைந்தாளென்று நினைத்த சக்களத்தி முற்றத்தில் நின்றாள்.

நான் ஓடிப்போய், “சாச்சா, போதும். ஊரே பாக்குது” என்றேன்.

“இன்னம் கொஞ்சம், மகள்” என்றார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

யாராவது தேவையில்லாமல் ஹோனைத் தொட்டால் வாப்பா பேயாட்டம் ஆடுவார். அன்று கேற்றைப் பிடித்தபடியே நின்றார். கார் உள்ளே வந்துவிட்ட பிறகும் கேற்றைச் சாத்தவில்லை.

இஞ்சினைத் திறந்தார்கள். சாச்சா சொன்னபடியே பாஸோடு நின்றார். வாப்பா இன்னொரு சாவி வெட்டித் தம்பியின் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு ஜும்ஆ முடிந்து வருகிற வெள்ளிகளில் இரண்டு தலைகள் பொனட்டுக்குள் கிடந்தன. “இப்ப ரெண்டு புருஷன்” என்றார் உம்மா. சில அந்திகளில் சாச்சா அந்தக் காரை எடுத்துக்கொண்டு முகத்துவாரப் பக்கம் போவார். பக்கத்து இருக்கையில் அவர் மகள், காலடி ஓட்டையில் றோட்டைக் குனிந்து பார்த்துச் சிரித்தபடி போவாள். அதற்கும் எனக்கு எரிந்தது. புதுசும் இவர்களுக்கு, பழசும் இவர்களுக்கா? ஏறும்போது செருப்பைக் கழற்றச் சொன்னேன். அவள் மறுபேச்சில்லாமல் கழற்றிவிட்டு ஏறினாள்.

இப்போது நான் சொந்தமாகக் கார் ஓட்டுகிறேன். இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் காது எதையோ எதிர்பார்க்கிறது. வாப்பாவுக்குத் தன் வாப்பாவைக் குளிப்பாட்டக் கிடைத்தது, தூக்கக் கிடைத்தது, மண்ணில் வைக்கக் கிடைத்தது. சாச்சாவுக்கு எயார்போட் வரைக்கும் ஒரு பயணம்தான் கிடைத்தது. அதையும் எங்கள் வளவில் நிறுத்தி வைத்திருந்தோம். நான் புதுக்காரைப் பார்த்து வயிறெரிந்த அத்தனை நாளும், அவர் எங்கள் ஓட்டைக் காரைப் பார்த்து வயிறெரிந்து நின்றிருக்கிறார். கயிற்றுக்குப் பின்னால் வந்த அந்தப் பயணம் முழுக்க அவருடைய உதடுகள் யாரோடு கதைத்தன என்று நான் கேட்டதே இல்லை. அந்த ஹோன் சத்தம் கேட்டு அப்பாவுக்குக் கேற்றைத் திறக்க ஓடிவந்த இளந்தாரி அவர்தான் என்பதும் என் நினைவுக்கு வரவில்லை. ஊர் பார்க்கிறது, யாராவது அந்த ஹோனை நிறுத்துங்கள் என்பது மட்டுமே அன்று எனக்குத் தெரிந்தது.