ஏறாத மீட்டர்

விம்கோ நகர் ஹவுசிங் போர்டு பிளாக்கில் மோட்டார் ரூம் சாவி எப்போதும் மதியின் இடுப்பில்தான் கிடக்கும். மூன்று மாடிக்கும் தண்ணீர் ஏற்றுவது அவள் பொறுப்பு. காலி டேங்க்கும் வாய்ச்சவடாலும் அவளுக்கு ஆகவே ஆகாது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் கோதண்டம், எண்ணூரில் ஒரு கம்பெனியில் பர்மனென்ட் ஃபிட்டர். எவன் எதைச் சொன்னாலும் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிற பிறவி.

திருமுருகன் என்றொரு ஏஜெண்ட் டை கட்டிக்கொண்டு வந்தான். அவன் விற்கும் வெந்நீர் மெஷினில் தண்ணீர் சுழலுமாம், குமிழி வெடிக்குமாம், ஒரு பங்கு கரண்ட்டுக்கு ஒன்றரைப் பங்கு சூடு கொட்டுமாம். அட, அப்படியானால் அந்த ஒன்றரையிலேயே அதை ஓட்ட வேண்டியதுதானே, பிளக் எதற்கு? கேட்க நாதியில்லை. கோதண்டம் ஷிஃப்டுக்குப் போயிருந்த நேரம், திருமுருகனின் ஆள் வந்து மாடிப்படிக்கு அடியில் மெஷினை மாட்டிவிட்டுப் போனான். வெந்நீர் கொதித்தது. கோதண்டத்தின் வீட்டு மீட்டரோ ஏறவேயில்லை.

"பாத்தியா மதி, கரண்ட்டே குடிக்காம சுடுது! கம்பெனி வேலைய வுட்டுட்டு நானே ஏஜென்சி எடுக்கப் போறேன்."

"காத்த குடிச்சிகினு சுடுறதுக்கு அது இன்னா மிஷினா, சாமியாரா? யோவ், வேலைய வுட்ட, வூட்டுல சோறு கெடையாது. சொல்ட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் மெஷினை ஓட்டிக் காட்டினார்கள். பிளாக் ஜனம் பக்கெட்டோடு வந்து நின்றது. வெந்நீர் கிடைத்தால் போதும், விஞ்ஞானம் யாருக்கு வேண்டும்? பக்கத்து வீட்டுப் பச்சையம்மா மெஷினுக்குச் சந்தனப் பொட்டே வைத்துவிட்டாள்.

"நம்பர் மாறுதான்னு நீங்களே பாருங்க!" என்று கோதண்டத்தின் மீட்டரைத் தட்டிக் காட்டினான் திருமுருகன்.

மதி மீட்டரைப் பார்க்கவில்லை, ஒயரைப் பார்த்தாள். அது தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் பதுங்கிப் போய் மோட்டார் ரூம் ஜன்னலுக்குள் நுழைந்து, கையெட்டும் தூரத்திலிருந்த மோட்டார் போர்டில் தொங்கியது. அடப் பாவிங்களா! சாவியை எடுத்துத் திறந்து உள்ளே போய் பீஸ் கட்டையைப் பிடுங்கினாள். மெஷின் முனகிக்கொண்டே அடங்கியது.

"இன்னா நைனா, குமிழி தூங்கிடுச்சா? மோட்டார் கரண்ட்டு பொது மீட்டர்ல ஓடுது. அதுல கொக்கி போட்டுகினு, எங்க வூட்டு மீட்டரக் காட்டி பீலா வுடுறியா?"

திருமுருகன் டையைத் தளர்த்தியபடி பைக்கைத் தேடினான்.

"பீஸ திருப்பிப் போடேன் மதி, இன்னும் ஒரு பக்கெட்டு..." என்றாள் பச்சையம்மா.

"அதுக்கு நீயும்தான் துட்டு கட்டுற, யக்கா!"

கோதண்டம் மட்டும் மெஷினையே வெறித்துக்கொண்டு நின்றான். அவனைத் திட்ட மதி வண்டி வண்டியாக வைத்திருந்தாள். அதற்குள் அவனே வாயைத் திறந்தான்.

"நேத்தே வேலைய வுட்டுட்டேன் மதி. சூப்ரவைசராண்ட சொல்லிட்டேன்."

மதி வசவையெல்லாம் ஒதுக்கிவிட்டு, நிரம்பியிருந்த வெந்நீர் பக்கெட்டை அவன் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

"குளி. குளிச்சிட்டு அந்த சூப்ரவைசரு வூட்டுக்குப் போய் கால்ல வுழு. நானும் வரேன். உன்ன தனியா வுட்டா, வழியிலயே எவனாவது இன்னொரு மிஷின வித்துடுவான்."