சங்கிலி ஜெபத்தில் பக்கத்து ஆள்

இரும்புலியூரில் ஒரு வீட்டில் எங்கள் மெத்தடிஸ்ட் சபையின் ஜெபக்கூட்டம். சங்கிலி ஜெபம் என்றார் போதகர். வட்டமாக உட்கார்ந்து கைகோத்து, ஒருவர் பின் ஒருவராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். சபையில் நான் வாயைத் திறந்ததே இல்லை. கை வியர்த்து நடுங்கியது.

எனக்கு முந்தைய ஆள், தண்ணீர் கேன் போடும் அண்ணன். கேன் சுமந்து அவர் சட்டையின் வலது தோள் எப்போதும் ஈரமாகவே இருக்கும். அவர் ஜெபிக்கத் தொடங்கினார், நிறுத்தவே இல்லை. ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக், லிஃப்ட் இல்லாத மூன்று மாடி வீடுகள், அங்கே குரைக்கும் நாய்கள் என்று எல்லாவற்றுக்கும் ஜெபித்தார். பொறுமையிழந்த போதகரே ஆமென் சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார்.

வாசலில் அவருக்கு நன்றி சொன்னேன்.

"உங்க கை உதறிச்சிண்ணா. அதான் இழுத்துக்கினே போனேன்."

"நான் உங்களைக் கேக்கவே இல்லையே?"

"இன்னாண்ணா நீங்க! கிருபைன்னா அப்படித்தான். நாம கேக்கறதுக்கு முன்னாடியே வந்து நிக்கும்."

அடுத்த மாதம் முதல் ஆளாகப் போய்க் காத்திருந்து, அவர் வந்ததும் பக்கத்தில் இடம் பிடித்தேன். அவர் ஒரே வரியில் முடித்தார்: "ஆண்டவரே, மீதிய பக்கத்துல கீற அண்ணன் சொல்வாரு."

"ஆண்டவரே, இந்த மனிதரை..." என்று ஆரம்பித்தேன். ஆசீர்வதியும் என்பதா, மன்னியும் என்பதா? தெரியாமல் இரண்டையும் கேட்டேன்.

எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவர் அவர்தான்.