இடம் சுற்றிய பருத்திச் செடிகள்

செல்வநாயகி அம்மா போய்விட்டார்.

காலையில் அவர் மகள் மெசேஜ் அனுப்பியிருந்தார். வயசான பிறகு கற்றுக்கொண்ட எழுத்தைக் கூட்டி நானேதான் படித்தேன். மூன்று முறை படித்தேன்... அதேதான் இருந்தது.

நானே படித்த முதல் சாவுச் செய்தி.

எழுபதுகளின் கடைசியில் திருச்சி காலேஜிலிருந்து எங்கள் ஊருக்கு ஆராய்ச்சிக்கு வந்தவர். பெரம்பலூர்–அரியலூர் ரோட்டில் எங்கள் ஊர். பருத்திச் செடியில் இலைகள் தண்டைச் சுற்றி எப்படி ஏறுகின்றன என்பதுதான் ஆராய்ச்சி.

"இதுக்கா இத்தன வருஷம் படிச்சாங்க?" என்று கேட்டாள் என் சம்சாரம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா ஒரு இலைக் காம்பில் நூலை வைத்து, அடுத்த இலை, அதற்கடுத்த இலை என்று சுற்றிக்கொண்டே மேலே போனார். மூன்று சுற்று முடிந்ததும் ஒன்பதாவது இலை, முதல் இலைக்கு நேர் மேலே நின்றது. அடுத்த செடியிலும் அப்படியே! பிறந்ததிலிருந்து பருத்திக்குள் கிடந்தவன், அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர் பாகைமானியை வைத்துக் கோணம் அளப்பார். செடி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்ப்பது என் வேலை. எனக்கு அப்போது எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் வலம் சுற்றினால் சிவப்பு நூல் கட்ட வேண்டும், இடம் சுற்றினால் வெள்ளை நூல்.

என் பருத்திக் கொல்லையில் முதல் செடியே இடம்...

நாங்கள் பிணத்தைத்தான் இடமாகச் சுற்றுவோம். நல்லதற்கெல்லாம் வலம். நான் விதைத்த செடிக்கு எப்படி வெள்ளை நூல் கட்டுவது? சிவப்பைக் கட்டினேன். பார்க்கப் பார்க்க இடம் சுற்றுகிற செடிகள் நடுநடுவே வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றுக்கும் சிவப்பு.

எண்ணி முடித்த அன்று அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணே, அத்தனையும் ஒரே பக்கம்! இது புதுசுங்க. நாளைக்கே எங்க சார்கிட்ட காட்டணும்."

மறுநாள் நோட்டுகளோடு பஸ் படியில் ஒரு கால் வைத்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அம்மா, ஏறாதீங்க. இடம் சுத்துற செடியும் இருக்குங்க. நான்தான் மாத்திக் கட்டிட்டேன்."

திரும்பிப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏறுறீங்களா எறங்குறீங்களாம்மா? ரயிலுக்குப் போறவங்க இருக்காங்க!" என்று கண்டக்டர் கத்தினார்.

இறங்கிவிட்டார். பஸ் போய்விட்டது. ஒரு பருவத்து உழைப்பு, என்னால் வீண்.

திட்டட்டும் என்று நின்றேன். நோட்டைப் பிரித்துக்கொண்டே "ஏன் மாத்துனீங்க?" என்றார். சொன்னேன்.

"வேற யார் கட்டியிருந்தாலும் இப்படித்தான் கட்டியிருப்பாங்களா?"

அந்த நேரத்திலும் கேள்விதான்...

அன்றே களையெடுக்கும் பெண்களிடம் நூலைக் கொடுத்தார். அவரவர் கொல்லையில் எல்லாச் செடியும் வலம். பிறகு அடுத்தவர் கொல்லைக்கு அழைத்துப் போனார். அஞ்சலை என்று ஒருத்தி, குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"இது எங்க வூட்டுக்காரரு பங்காளி கொல்லைங்க. மொத்தமும் இடந்தான், பாக்கவே வேணாம்!"

அம்மா வரப்பில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அது முழுக்கச் சிரிப்புதானா என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

அடுத்த நாள் முதல் செடியிலிருந்து திரும்ப ஆரம்பித்தோம். இந்த முறை அவர் ஒரு கண், நான் ஒரு கண். வெள்ளை நூல் தீர்ந்துபோய் என் பழைய வேட்டியில் நூல் உருவிக் கொடுத்தேன்.

பாதிக்குப் பாதி வந்தது.

"ஏம்மா, ஒரே வெதை, ஒரே மண்ணு. ஒண்ணு இப்படியும் ஒண்ணு அப்படியும் ஏன் போவுது?"

"தெரியலண்ணே. தெரிஞ்சா மொதல்ல உங்களுக்குத்தான் எழுதுவேன்."

பட்டம் வாங்கினார், ஊர் மாறினார். பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அட்டை வரும். யாரையாவது படிக்கச் சொல்லி, "செடி ஏன் இடம் சுத்துதுன்னு போட்டிருக்கா?" என்று கேட்பேன்.

"இல்லண்ணே. பொங்கல் வாழ்த்துதான்" என்பார்கள்.

தெரிந்திருந்தால் எழுதாமல் போகிற ஆளில்லை அவர்.

போயிட்டு வாங்கம்மா.