வானத்தில் ஆள் இருக்கும் நேரம்

லீலாபாயின் சாயாக்கடைக் கதவு பட்டப்பகலில் பாதி சாத்தியிருந்தால், ஊர்க்காரர் யாரோ வானத்தில் இருக்கிறார் என்று பாறசாலையில் எல்லோருக்கும் தெரியும். உள்ளே பாய் விரித்து, முக்காடிட்டு, முழங்காலில் நிற்பாள். விமானம் இறங்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. "ஆராக்கும் இண்ணு பறக்கியது?" என்று வாசலில் யாராவது கேட்டால், ஒரு விரலை மேலே காட்டுவாளே தவிர வாய் திறக்கமாட்டாள்.

தம்பி பொன்னுதாஸ் மஸ்கட்டுக்குப் போன அன்று தொடங்கிய வழக்கம் இது. அவன் திரும்பிவந்து பாலராமபுரத்தில் துணிக்கடை வைத்து, தொப்பையும் போட்டாயிற்று. வழக்கம் நிற்கவில்லை. சபைக்காரர்கள் பறக்கும் நாளை அவளிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். கோயிலில் தேங்காய் உடைத்த கையோடு பொன்னையனும் மகனுக்காக வந்து சொன்னார். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் மட்டும் அவளுக்குத் தெரியவேண்டும். பத்துக்குக் கிளம்பிப் பன்னிரண்டுக்கு இறங்கும் என்றால் இரண்டு மணி நேர ஜெபம்.

விமானத்தை அருகில் பார்த்தவளல்ல. ஆனால் லீவில் வருகிறவன் அவள் கடையில் சூடாகச் சாயா குடித்ததில்லை, அத்தனை கேள்விகள். மேகம் இடிக்குமா? சன்னலைத் திறக்கலாமா? எல்லாவற்றையும்விட அந்த வேகம்தான் அவளுக்கு ஆறாத அதிசயம். "கொல்லத்துக்கு பஸ்ஸுல போறதுக்குள்ள கடலத் தாண்டி மஸ்கட்டுல போய் நிக்கியானுவளே!" என்று கன்னத்தில் கைவைப்பாள்.

ஒரே மகள் ஜெஸிக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை கிடைத்தது. புறப்படுவதற்கு முந்தின நாள், மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்த மோகனனிடம் லீலாபாய் பெருமையடித்தாள்: "எனக்க மவ ரெண்டு மணிக்கூறுல அங்க எறங்கீருவா."

"ரெண்டா? மூணரை ஆக்கும் லீலாக்கா. டிக்கெட்டுல எறங்குற நேரம் அந்த ஊரு மணி. நமக்கு ஒண்ணரை ஆவும்ப அங்க பன்னெண்டுதான்."

"அப்பம் சூரியன் அங்க பிந்தியா உதிக்கும்?" என்று ஆவலாகத்தான் கேட்டாள். அடுத்த கணம் முகம் வெளிறியது. "எலே, நான் ஆமென் சொன்ன பொறவும் பிள்ளையளு கடலுக்கு மேலயா நிண்ணுது?"

மோகனன் சிரித்தான். "திரும்பி வாறப்ப கணக்கு கூடும். அப்பம் கூடுதலா ஜெபிச்சிருப்பிய. சரிக்குச் சரி."

"போலே! இன்னும் பிளேனுல ஏறாதவனுக்கு எதுக்கு அந்த ஜெபம்?"

அன்று முழுக்க அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாயாவில் இரண்டு தடவை சர்க்கரை போட்டாள்.

மறுநாள் மகளை வாசலிலேயே வழியனுப்பிவிட்டு, பத்து மணிக்குப் பாயில் முழங்காலிட்டாள். பன்னிரண்டு அடித்தது. இத்தனை காலம் எழுந்துபோன நேரம். மஸ்கட் போகிற யாருக்கும் இதற்குமேல் அவள் ஜெபித்ததில்லை. ஒன்றரை கடந்தும் எழவில்லை. கடைசியில் பக்கத்து டெலிபோன் பூத்திலிருந்து ஷீனா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "மாமி, ஜெஸி விளிச்சா! நல்லபடியா எறங்கியாச்சாம்!"

லீலாபாய் வாய்விட்டு அழுதாள். ஷீனா அடுப்பு மூட்டிப் பால் விடாத கட்டன்சாயா போட்டு நீட்டினாள். உதடுவரை கொண்டுபோனவள், என்ன நினைத்தாளோ, டம்ளரைத் தட்டால் மூடிவைத்தாள்.

"இனியும் ஆராக்கும் மாமி பறக்கியது?"

"பொன்னுதாசு. அண்ணு போனவனுக்கு ஒண்ணரை மணிக்கூறு பாக்கி கெடக்கு" என்று சொல்லி, முக்காட்டை இழுத்துவிட்டு மறுபடி முழங்காலிட்டாள்.