எட்டாம் நாள் வைத்த பாதி வடை

என் வீட்டுக்காரர் தோட்டம் செய்த காலத்தில் இரண்டு ஆளின் சாப்பாட்டைத் தனியே சாப்பிடுவார். விடியப் போனால் வெயில் ஏறித்தான் வீடு வருவார். புத்தூர்ச் செம்மண் முழங்கால் வரை ஒட்டியிருக்கும். கிணற்றடியில் குளித்துவிட்டு வந்து இருந்தாரென்றால், கட்டித் தேங்காய்ப்பால் விட்ட கத்தரிக்காய்க் குழம்பும் பொரித்த மீனும் நான் போடப் போட இறங்கிக்கொண்டே இருக்கும். உடம்பில் ஒரு பிடி சதை தங்காது. நான் சமைத்ததெல்லாம் வெங்காயப் பாத்திக்குள் போய்விடுகிறது என்று அவருக்குச் சொல்லிச் சிரிப்பேன்.

பிறகு வெளிநாட்டில் இருக்கும் மகன், அப்பா இனி மண்வெட்டி பிடிக்கக்கூடாது என்று ஒரே பிடியாய் நின்றான். தோட்டத்தைப் பக்கத்து வீட்டுப் பொடியனுக்குக் குத்தகைக்கு விட்டோம். இவர் சாய்மனைக் கதிரையில் இருந்தார். என் சமையல் மட்டும் மாறவில்லை. பாடுபடும் மனிசனுக்குச் சமைத்துப் பழகிய கை, வேறு அளவு அதற்குத் தெரியாது. குறை விட்டுச் சமைப்பது எங்கள் வீட்டில் வழக்கமும் இல்லை.

கொழுப்பாகச் சாப்பிட்டால் முதலில் வயிறு வைக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பக்கத்தில் இருந்து நான் பார்த்தது வேறு. முதலில் போனது கால். மத்தியானம் பாலும் பொரியலும் உள்ளே போனால் கண் சொருகும். எழும்ப மாலையாகிவிடும். சந்திக்குப் போய்ப் பேப்பர் பார்த்துவிட்டு வருகிற மனிசன், "நாளைக்குப் பாப்பம்" என்றார். பிறகு கோயிலையும் நாளைக்கு என்றார். அப்படி அசையாமல் கிடந்ததற்குப் பிறகுதான் உடம்பு வைத்தது. வைத்த உடம்பு பிறகு அவரை எழும்ப விடவில்லை. கடைசியில் கிணற்றடிக்குப் போகவும் என் தோளைப் பிடித்தார்.

அந்த நாட்களில் அவர் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. "வெங்காயம் எப்பிடி நிக்குது?" என்று வருகிறவர்களை எல்லாம் கேட்பார். தன் தோட்டத்தைப் போய்ப் பார்க்க வேண்டும், அதுவும் ஓட்டோவில் அல்ல, நடந்து போய்ப் பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் அவருடைய ஆசை.

கிளினிக்கில் எண்ணெயை நிற்பாட்டச் சொன்னார்கள். நிற்பாட்டினேன். அடுத்த முறை போனபோது நிறை இன்னும் ஏறியிருந்தது. நிறை பார்த்த தாதி மிஸ்ஸி என்னைப் பார்த்தார்.

"அம்மா, எண்ணெய் விடுறியளோ?"

"ஒரு சொட்டும் இல்லை மிஸ்ஸி. போத்திலைத் தூக்கி அலுமாரிக்கு மேலை வைச்சிட்டன்."

"அப்ப கறியை எப்பிடிச் சமைக்கிறியள்?"

"பாலிலைதான். கட்டியா முதற்பால் பிழிஞ்சு விடுறன். எண்ணெயில்லாமல் மனிசன் வாடிப் போகக் கூடாதெண்டு முந்தியைவிடக் கூடத்தான் விடுறன்."

மிஸ்ஸி பேனையைக் கீழே வைத்தார். "அந்தப் பாலைக் காய்ச்சிக்கொண்டு இருந்தால் கடைசியிலை என்னம்மா வரும்?"

எனக்குத் தெரியாதா என்ன? பிள்ளைகளின் தலைக்கு அப்படித்தானே காய்ச்சி எடுத்தேன்.

"எண்ணெய் வரும்," என்றேன்.

இவர் பக்கத்து வாங்கில் உட்கார்ந்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இஞ்சரும், போத்திலை ஒளிச்சுப்போட்டு மரத்தையே பிழிஞ்செல்லோ ஊத்தியிருக்கிறீர்!"

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் பகுதியில் பாலை யாரும் எண்ணெய் என்று சொல்வதில்லை, பால் பால்தான். ஆனால் வீட்டுக்கு வந்து, தேங்காய் துருவுகிற பலகையைக் கழுவிக் காயவைத்துச் சாமி அறை மூலையில் சாத்திவிட்டேன். அன்று தொடங்கிப் புளியிலும் தண்ணீரிலும் குழம்பு. மரக்கறியை வெறும் தண்ணீரில் அவித்தேன். பொரியல் இல்லை.

முதல் நாள் கோப்பையைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, இது குழம்போ, கை கழுவுற தண்ணியோ?" என்றார்.

"குடிச்சுப் பாத்திட்டுச் சொல்லுங்கோ," என்றேன்.

கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தார். பிறகு மத்தியானத்து நித்திரை குறைந்தது. சும்மா கிடக்க ஏலாமல் வாசல் படலையடிக்கு வந்து நின்றார். படலையிலிருந்து சந்தி, சந்தியிலிருந்து கோயில் வீதி. உடம்பு மெல்ல மெல்ல இறங்கியது. ஒரு காலமை நான் முற்றம் கூட்டும்போது சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். திரும்பி வந்தபோது காலில் செம்மண். வாசலில் நின்று காலைத் தூக்கிக் காட்டினார். "பாரும்!" என்றார். என் கண் நிறைந்ததை அவர் பார்க்கக் கூடாது என்று நான் குசினிக்குள் போனேன்.

அதன் பிறகு ஒரு நாளும் விடவில்லை. பொடியனிடம் கேட்டு இரண்டு பாத்தியைத் திரும்ப எடுத்து வெங்காயம் நட்டார்.

மாமியின், இவருடைய தாயின், திவசத்துக்கு மட்டும் போத்திலை இறக்கி வடை சுட்டேன். படைத்து முடிந்த பிறகு இவருக்கு ஒன்று கொண்டுபோய் நீட்டினேன். ஒன்றுதானே, ஆசைக்குச் சாப்பிடட்டும் என்று. மணந்து பார்த்தார். இரண்டாய்ப் பிய்த்தார். பாதியைத் தான் வாயில் போட்டுக்கொண்டு மற்றதை என் கையில் வைத்தார்.

"மிச்சத்தையும் சாப்பிடுங்கோவன்."

"வேண்டாமப்பா. காலமை பாத்திக்குத் தண்ணி மாறவேணும். நீர் சாப்பிடும்."

நான் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறப் போனவர் வரப்பில் இருந்தபடியே போய்விட்டார். நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். மோட்டர் ஓடிக்கொண்டிருந்ததாம். பாத்தி நிறைந்து வழிந்ததைக் கண்டுதான் பொடியன் ஓடிப் போயிருக்கிறான்.

எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு, செத்தவருக்கு விருப்பமான சாப்பாடெல்லாம் படைப்பது எங்கள் வழக்கம். இவருடைய தங்கச்சி விடியவே வந்து குசினியில் நின்றாள்.

"மச்சாள், எங்கடை அண்ணையை வாய்க்கு ருசியா ஒண்டும் குடுக்காமல் காயவைச்சே அனுப்பிப்போட்டியள். இண்டைக்கெண்டாலும் கஞ்சத்தனம் பாக்காமல் எண்ணெயை விடுங்கோ."

சுற்றி நின்ற பெண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். செம்மண் ஒட்டிய அந்தக் காலைப் பற்றி அவளுக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். என் புருசன் எப்படி இருந்தார் என்று நான் யாருக்கும் விளக்கம் சொல்லப் பழகியவள் இல்லை. அலுமாரிக்கு மேலிருந்த போத்திலை இறக்கினேன். துருவுபலகையையும் எடுத்தேன். முதற்பால் விட்ட கத்தரிக்காய், பொரித்த மீன், ஒரு சட்டி நிறைய வடை. முந்திய காலம்போல வீடு முழுக்க எண்ணெய் மணந்தது.

வாழையிலையில் எல்லாவற்றையும் வைத்தேன். கடைசியாக ஒரு வடையைப் பிய்த்துப் பாதியை மட்டும் இலையில் அவருடைய கைப்பக்கமாக வைத்தேன்.

"இதென்ன மச்சாள், பாதி வைக்கிறியள்? முழுசா வையுங்கோ."

"அவருக்கு இவ்வளவு காணும்," என்றேன்.

அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். மற்றப் பாதி என் கைக்குள் இருந்தது. அன்றைக்கு அவர் தந்ததைச் சாப்பிட்டதுபோல இதையும் சாப்பிட்டுவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். வாய்வரை கொண்டுபோனேன். ஏலவில்லை. எண்ணெய் விரலெல்லாம் ஊறிக் கையால் வழிந்தது. கதவைத் திறக்கும் வரை அப்படியே பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.