சாம்பிராணி போட்டு மூடிய சாக்கடை

சாக்கடை பொங்கி முற்றத்தில் நிற்கிறது என்றதும், வீட்டுப் பெண்களின் கையில் வாளியையும் துடைப்பத்தையும் கொடுத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்கிற ஆம்பிளையை எனக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பது அச்சில் வரட்டும் என்று மரியாதையாக எழுதுகிற வார்த்தை. என் வாயில் வருகிற வார்த்தையை எழுதினால் அச்சடிக்கிறவர் திருப்பி அனுப்பிவிடுவார்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆடுகோடியில் இன்னொருவனுடைய லேத்துப் பட்டறையில் இரும்புத் தூள் கூட்டிப் பெருக்கி ஆரம்பித்து, அதே ரோட்டில் சொந்தப் பட்டறை போட்டவன். ஓசூர் ரோட்டில் அந்தக் காலத்தில் ஓடிய லாரிகளில் என் கை படாத லாரி குறைவு. எவன் சிபாரிசும் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்ளாவிட்டால் வேறு யார் வந்து சொல்லப் போகிறார்கள்?

சுதந்திரம் வந்து சில வருஷங்களில் பட்டறை கொஞ்சம் நிலைத்ததும், என் சம்சாரத்தைப் பெரிய மனுஷர்கள் இருக்கிற காக்ஸ் டவுனுக்குக் கூட்டி வந்தேன். அதுவரை லைன் வீடு. காலையில் பொதுக் கக்கூஸ் வாசலில் சொம்போடு வரிசையில் நிற்கிற பிழைப்பு. காக்ஸ் டவுனில் ஒரு பெரிய வீட்டின் பின்னால் இருந்த அவுட்ஹவுஸ் வாடகைக்குக் கிடைத்தது. சங்கிலியை இழுத்தால் தண்ணீர் கொட்டும் கக்கூஸ். எல்லாம் பூமிக்கடியில் குழாய் வழியே போய்விடும். முற்றத்தில் இரும்பு மூடி போட்ட சாக்கடைத் தொட்டி, சேம்பர் என்பார்கள், அது ஒன்றுதான் வெளியே தெரியும். எங்கள் சொந்தத்தில் இப்படிப்பட்ட இடத்துக்குப் பெண்டாட்டியைக் குடிவைத்த முதல் ஆள் நான்தான். அந்தச் சங்கிலியை இழுத்துக் காட்டுவதற்காகவே உறவுக்காரர்களை வீட்டுக்கு அழைத்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் மகாராஜா சர்க்காரில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பெரிய வீட்டில் அவர், அவர் சம்சாரம், கல்யாணமாகாத ஒரே மகள். மடி, ஆசாரம் ரொம்பவே பார்ப்பார்கள். கார்ப்பரேஷன் குழாய்க்குள்ளே தோல் வாஷர் இருக்கிறதாம். அதனால் அந்தத் தண்ணீர் அவர்கள் அடுப்படிக்குள் போகாது. சமையலுக்கும் குடிக்கவும் முற்றத்துக் கிணற்றுத் தண்ணீர்தான். கிணற்றுக் கயிற்றை நாங்கள் தொடக்கூடாது. எங்களுக்கு வாசல் குழாய். அவர்களுடைய சுத்தம் இப்படி. சேம்பருக்கும் அந்தக் கிணற்றுக்கும் நடுவில் நாலு எட்டு வைத்தால் முடிந்தது, அது அவர்கள் கண்ணில் படவில்லை.

அந்த மகள் நல்ல பெண். அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா தூங்குகிற நேரத்தில் பின்கட்டுக்கு வந்து என் சம்சாரத்துக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுக்கும். என் சம்சாரம் அதற்கு மண்டை வெல்லமும் கடலையும் முந்தானையில் முடிந்து வைத்திருப்பாள். பெண்ணுக்கு இரண்டு இடம் பேசித் தட்டிப்போயிருந்தது.

மூன்றாவது இடத்திலிருந்து பெண் பார்க்க வருகிற நாளன்றுதான் சேம்பர் பொங்கியது. அதற்கு முன்னே விடாமல் மழை. நான் காலையிலேயே பட்டறைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தால், முன்வாசலில் புதுச் செருப்புகள் வரிசையாகக் கிடக்கின்றன. முற்றம் பூராவும் சாம்பிராணிப் புகை. சேம்பர் மூடி மேல் சாணம் மெழுகி, அதன்மேல் பெரிய கோலம். என் சம்சாரம் எங்கள் கதவுக்குப் பின்னால் ஈரத்தலையோடு நிற்கிறாள். வலது கை நகக்கண்ணில் எல்லாம் கறுப்பு. முந்தின நாள் அரிவாள்மனையில் வெட்டிக்கொண்ட விரலில் கட்டியிருந்த துணியைக் காணோம்.

"இன்னாடி இது?"

"சத்தம் போடாதீங்க. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க இன்னும் கிளம்பல."

"கையில இன்னான்னு கேக்கறேன்."

"சேம்பர் பொங்கிகினு வந்துச்சு. உள்ள துணி அடைச்சிகினு இருந்துச்சு. கையை விட்டு எடுத்தேன். அவ்ளோதான்."

"கையை விட்டியா? எதுவரைக்கும்?"

அவள் முழங்கையைத் தொட்டுக் காட்டினாள்.

"அந்தப் பொண்ணு அழுதுச்சுங்க. இந்த எடமும் போச்சுன்னு அழுதுச்சு. நான் எப்படிப் பார்த்துகினு நிக்கறது?"

நடந்தது இது. கார்ப்பரேஷனுக்குச் சொல்லி அனுப்பினால் ஆட்கள் மூங்கில் பட்டைகளும் வண்டியுமாக வந்து, பட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிக் குழாய்க்குள் விட்டுக் குத்தி எடுத்திருப்பார்கள். தெரு பார்க்குமே என்று வீட்டுக்காரப் பெரியவர் ஆள் அனுப்பவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வரும்போது வாசலில் அந்த வண்டி நிற்கலாமா? அடைப்பைக் கையை விட்டு எடுத்து, கொட்டாங்கச்சியால் அள்ளி, கோணிப்பையால் ஒற்றி, மிச்சத்தைத் தண்ணீர் ஊற்றித் தள்ளச் சொல்லியிருக்கிறார். அள்ளியது என் சம்சாரம். தண்ணீர் ஊற்றியது வீட்டுக்கார அம்மாள். ஃபினாயில் ஊற்றலாமா என்று இவள் கேட்டதற்குப் பெரியவர் கூடாது என்றாராம். ஃபினாயில் வாசனை அடித்தால் இங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடுமாம். அதற்குப் பதில் சாம்பிராணி. கடைசியில், தீட்டுப் போக வேண்டும் என்று இவளைக் கிணற்று மேடையில் உட்கார வைத்து, அந்த அம்மாள் எட்ட நின்று குடம் குடமாகத் தலையில் ஊற்றியிருக்கிறாள். அந்த மேடையில் வெடிப்பு இருந்தது. இவள் மேலிருந்து வழிந்த தண்ணீர் எங்கே போயிருக்கும்? உள்ளேதான் போயிருக்கும். அதே கிணற்றில் இறைத்த தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்துதான் மாப்பிள்ளை வீட்டாருக்கு சர்பத்தும் கொடுத்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் நேரே முன்வாசலுக்குப் போனேன். பெரியவர் சாய்வு நாற்காலியில் இருந்தார்.

"என் சம்சாரம் கையை சேம்பருக்குள்ள விடச் சொன்னது யாரு சார்?"

"ஏம்பா, ஏன் இப்படிக் கத்தறே? ஸ்வல்ப மெதுவா பேசு. ஒரு மணி நேர வேலை. ஆபத்துக்கு ஒருத்தருக்கு ஒருத்தர் செய்யறதுதானே?"

"அப்போ நீங்க கையை விட்டிருக்கலாமே."

"நன்னா இருக்கே! நான் விடறதாவது! உங்க ஜனங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே? உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. குளிக்க வெச்சுத்தானே அனுப்பினோம்? என் கிணத்துத் தண்ணி!"

பழக்கமாம். எங்கள் உடம்பை மட்டும் இரும்பில் வார்த்திருக்கிறது என்று நினைப்பு. நான் இரும்பைக் கடைகிறவன், இரும்பு எது சதை எது என்று எனக்குத் தெரியும். "இன்னொரு தடவை என் சம்சாரத்தைக் கூப்பிட்டா, ஐயா உத்தியோகம் பார்த்தவர்னு பார்க்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு வீடு பார்க்கவும் ஆரம்பித்தேன். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்குக் காக்ஸ் டவுன் பக்கம் வீடு கொடுக்க எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்?

இரண்டு வாரம் போகவில்லை. என் சம்சாரத்துக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் குறையும், சாயங்காலம் ஏறும், மறுநாள் அதைவிடக் கொஞ்சம் அதிகமாக ஏறும். கஞ்சி இறங்கவில்லை. பக்கத்துத் தெரு டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை அமுக்கினார், சாக்கடை விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

"டைபாய்டு மாதிரி இருக்கு. கை கழுவினாங்களா?"

"தலையோட குளிச்சா சார்."

"சோப்பு போட்டு, நகத்தை எல்லாம் தேய்ச்சு? அதே கையால அன்னிக்குச் சாப்பிட்டாங்களா இல்லையா? தொத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இன்னிக்கே."

தொத்து ஆஸ்பத்திரி என்றால் திரும்பி வராத இடம் என்று பேச்சு. நான் நின்று யோசிக்கவில்லை. ஜட்கா பிடித்துக்கொண்டு வந்து கேட்டில் நிறுத்தினேன். அப்போதுதான் பெரிய வீட்டுக்குள்ளிருந்து முனகல் கேட்டது. அந்தப் பெண்ணுக்கும் அதே காய்ச்சல். ஒரு வாரமாக உள் அறையில் கிடக்கிறதாம். பெரியவர் மாப்பிள்ளை வீட்டார் கண் பட்டுவிட்டது என்று தினம் மிளகாய் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தாராம்!

"வண்டி நிக்குது. பொண்ணையும் ஏத்துங்க" என்றேன்.

"அங்கேயா? நாளைக்கு அவங்க காதுக்குப் போனா எவன் கட்டிப்பான்? வெறும் திருஷ்டி. போயிடும்."

"பொண்ணு இருந்தாத்தானே யாராவது கட்ட முடியும்?"

"நீ யாரு என் வீட்டு விஷயத்துல பேச? உன் வேலையைப் பாரு!"

வீட்டுக்கார அம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு தூணைப் பிடித்து நின்றாள். அப்பா சொல்லை ஒரு நாளும் தாண்டாத அந்தப் பெண் அன்றைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு தானாக வெளியே வந்தது. அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜட்காவில் வைக்கோல் மேல் கிடந்த என் சம்சாரத்தின் பக்கத்தில் ஏறிப் படுத்துக்கொண்டது. தொடக்கூடாது, தீட்டு என்று யாரும் அப்போது சொல்லவில்லை. அந்த அம்மாள் செருப்புகூடப் போடாமல் வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்தாள்.

அந்த ஆஸ்பத்திரி நாட்களை நான் விவரமாக எழுதப் போவதில்லை. என் சம்சாரம் என்னைப் பார்த்து யாரய்யா நீ என்று கேட்ட நாள் ஒன்று உண்டு. புதிதாக வந்த மருந்து என்றார்கள். ஊர் முழுக்க அலைந்து வாங்கி வந்தேன். அந்தப் பெண் முதலில் தேறியது. இவள் பிறகு. இவளுக்குத் தலைமுடி கொட்டிப்போயிற்று, அது திரும்ப முளைத்தது. காது போயிற்று, அது திரும்பி வரவில்லை. ஒரு காது சுத்தமாக இல்லை, இன்னொன்றில் உரக்கப் பேசினால்தான் உண்டு. மறுபடி வீட்டுக்கு வந்த அன்று கக்கூஸ் சங்கிலியை இழுத்துவிட்டு, தண்ணீர் வரவில்லையே என்று என்னைக் கூப்பிட்டாள். தண்ணீர் கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்து கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டார். அதற்குப் பெரியவர் என்ன சொன்னார் தெரியுமா? கிணறு தீட்டாகிவிட்டது என்றார்! சாக்கடை போனபோது ஆகாத தீட்டு, மருந்து போட்டதும் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து பதிலே வரவில்லை. பின்னால் அந்தப் பெண் டீச்சர் டிரெயினிங் போய், தன் காலில் நின்றது. எனக்கு அதில் ஒரு திருப்தி. நான் பிடித்து வந்த ஜட்காவில் ஏறித்தானே முதலில் வெளியே வந்தது.

அடுத்த மழைக்காலம் வந்தது. அதுவரைக்கும் எனக்கு வேறு வீடு அமையவில்லை. ஒரு காலை நான் பட்டறைக்குக் கிளம்பிச் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கிறேன். என் சம்சாரம் வாசல் குழாயடியில் பாத்திரம் துலக்குகிறாள். பெரியவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவள் பக்கத்தில் வந்தார். என்னைக் கவனிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி என்னவோ சொன்னார்.

"கேக்கலைங்க" என்றாள் இவள்.

மறுபடி சொன்னார்.

"இந்தக் காது இல்லைங்க. அந்தப் பக்கமா வந்து சொல்லுங்க. சத்தமா."

அவர் அந்தப் பக்கம் போனார். "சேம்பர்... திரும்பவும்..."

"இன்னும் கொஞ்சம் சத்தமாங்க!"

காது போனவர்கள் தங்கள் குரலும் ஏறியிருப்பதை அறிய மாட்டார்கள். எதிர்வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் திரும்பினார். பால்காரர் மாட்டை நிறுத்தினார். நான் காற்றடிக்கிற பம்ப்பைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன். அதற்குள் பெரியவருக்கு வேறு வழியில்லாமல் தொண்டை திறந்துவிட்டது.

"சாக்கடை பொங்கிடுத்து! கொஞ்சம் வந்து அள்ளிப் போட முடியுமான்னு கேட்டேன்!"

தெருக்கோடி வரைக்கும் கேட்டது. ஜன்னல்கள் திறந்தன.

என் சம்சாரம் சாம்பல் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அதே உரத்த குரலில் சொன்னாள்: "கார்ப்பரேஷன் ஆளுங்களைக் கூப்பிடுங்க சாமி. அவங்ககிட்ட மூங்கிலு இருக்குது. எனக்கு ரெண்டு கைதான் இருக்குது."

நானே சைக்கிளில் போய்க் கூட்டி வந்தேன். வெறுங்காலோடுதான் வந்தார்கள்; கார்ப்பரேஷன் அவர்களுக்குக் கொடுத்தது அவ்வளவுதான். அதற்கும் எனக்கு எரிந்தது. பட்டறையிலிருந்து ரப்பர் பூட்ஸும் தோல் கையுறையும் கொண்டுவந்து கொடுத்து, அதைப் போட்டபிறகுதான் மூடியைத் தொடவிட்டேன். பட்டப்பகலில், வண்டியை வாசலிலேயே நிறுத்தி, நிதானமாக வேலை பார்த்தார்கள். முடிந்ததும் சோப்பு கொடுத்து, வாசல் குழாயில் கை கழுவ வைத்து, என் சம்சாரம் டீ போட்டுக் கொடுத்தாள்.

தெரு முழுவதும் அன்றைக்கு ஃபினாயில் வாசனை. பெரிய வீட்டு ஜன்னல்கள் மட்டும் சாத்தியிருந்தன.